டெல்லி வீட்டுக்கு ஒரு ஆள்

"எங்க ஊருக்கு வடக்கால ஏரி, கெழக்கால ரோடு, தெக்கால பனந்தோப்பு, மேக்கால டெல்லி."

புதிதாக வந்து யார் கேட்டாலும் அந்த அம்மா ஊரின் நான்கு எல்லையை இப்படித்தான் சொல்வார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இருக்காது.

ஆவடியைத் தாண்டி வெள்ளானூர் போகிற வழியில் இருந்த சின்ன ஊர் அது. மேற்கே இருந்தது மத்திய அரசின் ராணுவப் பண்டகசாலை வளாகம். முள்கம்பி வேலி, காவல் கூண்டு, உள்ளே வரிசையாகத் தகரக் கொட்டகைகள். பத்தொன்பது கொட்டகைகள். வாரத்துக்கு ஒரு முறையாவது எண்ணிப் பார்ப்பேன். யாராவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா என்ன? ஆனாலும் எண்ணாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். அந்த வளாகத்தின் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. பி.ஏ. முடித்துவிட்டு அறுபத்தேழில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த அம்மாவின் வீட்டுப் பின்கட்டு அறையில் வாடகைக்குக் குடியிருந்தேன்.

அவர் ஊராட்சித் தலைவர். ஊர் முழுக்க அவருக்குத் 'தலைவரம்மா'. எனக்கு அவர் வைத்த பெயர் 'டெல்லி'. "இன்னா டெல்லி, நாஸ்டா ஆயிட்ச்சா?" என்பார் காலையில். மத்திய அரசின் சம்பளத்தில் சாப்பிடுகிறவன் என்பதால் அந்தப் பெயர். அவரைப் பொறுத்தவரை டெல்லி என்பது வடக்கே எங்கோ இருக்கும் தலைநகரம் அல்ல. வரப்புக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருக்கிற மேலண்டைக்காரர். கொஞ்சம் வசதியான மேலண்டைக்காரர், அவ்வளவுதான்.

ஐம்பது வயது இருக்கும். கறுத்த, அகன்ற உடம்பு. இடுப்பில் பொடி டப்பி, கையில் ஆண்கள் பிடிக்கும் பெரிய குடை. குடையை அவர் விரித்து நான் பார்த்ததே அபூர்வம். அதன் நுனியால் தரையைத் தொட்டு, இது யாருடையது, அது யாருடையது என்று காட்டுவதற்குத்தான் அது பயன்பட்டது.

அவர் தலைவரான கதையை ஊரில் பலரும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் அவருடைய கணவர் தலைவராக இருந்தார். அவர் இறந்ததும், பேருக்கு இந்த அம்மா இருக்கட்டும், காரியத்தைக் கொழுந்தனார் பார்த்துக்கொள்வார் என்று ஊர் ஓட்டுப் போட்டது. முதல் கூட்டத்துக்கு அம்மா வந்தபோது கொழுந்தனார் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எய்ந்திரு கொழுந்தனாரே. இது தலைவரு நாற்காலி. மெம்பருக்கு பெஞ்சு தோ கீது."

"அண்ணி, நான் உங்களுக்கு ஒத்தாசைக்குத்தானே..."

"ஒத்தாசைய பெஞ்சில குந்திகினே பண்ணலாம்."

கொழுந்தனார் எழுந்தார். பதினோரு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தே ஒத்தாசை செய்தார்.

தன் அதிகாரம் எங்கே தொடங்குகிறதோ அங்கே யாருக்கும் வழிவிட மாட்டார். எங்கே முடிகிறதோ அங்கே தானாக நின்றுவிடுவார். இந்த இரண்டாவது விஷயம்தான் என்னை முதலில் மிரள வைத்தது. ஒரு நாள் அவருடைய வெள்ளாடு கம்பி வேலிக்கு அடியில் நுழைந்து வளாகத்துக்குள் போய்விட்டது. அலுவலகத்திலிருந்து பார்க்கிறேன், நடு மத்தியான வெயிலில் அம்மா வேலிக்கு வெளியே நிற்கிறார். காவல்காரன் வடக்கத்திப் பையன். உள்ளே வந்து பிடித்துக்கொண்டு போ என்று கையைக் காட்டுகிறான். அம்மா அசையவில்லை. நான் ஓடினேன்.

"உள்ளே வரச் சொல்கிறானே, வாங்களேன்."

"வரச் சொல்ல அவன் யாரு? அவன் காவல்காரன். நெலம் டெல்லியுது. நீ போயி டெல்லிகிட்ட கேட்டுகினு வா."

அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு வந்து சொன்ன பிறகுதான் உள்ளே கால் வைத்தார். அந்த நிலம் ஒரு காலத்தில் அவருடைய பெரியப்பாவுடையது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கேட்டதற்கு, "வித்தாச்சி, துட்டு வாங்கியாச்சி. அப்பால இன்னா?" என்றார்.

அடுத்த மாதமே எங்கள் வளாக ஆட்கள் நான்கு பேர், வேலிக்கு வெளியே இருந்த ஊராட்சிப் புளியமரத்தில் ஒரு கிளையை வெட்டிச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அம்மா வளாக வாசலில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. நின்றார், அவ்வளவுதான். சாயங்காலம் அதே நான்கு பேர் அந்தக் கிளையை மறுபடி சுமந்து வந்து மரத்தடியில் போட்டார்கள். ஊராட்சி அதை முறைப்படி ஏலம் விட்டது. எங்கள் சமையல்காரரே ஏலத்தில் எடுத்தார்.

காலையில் ரேடியோவில் டெல்லிச் செய்தியும் கேட்பார், மாநிலச் செய்தியும் கேட்பார். மாநில அரசுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'கோட்டை'. இரண்டையும் கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுப் பங்காளிச் சண்டையைச் சொல்வதுபோலச் சொல்வார்: "மேலண்டைக்காரரு அரிசி தரமாட்டேன்றாரு. கோட்டை மூஞ்சத் தூக்கிகினு கீது."

மாநிலங்களுக்கு அதிகாரம் வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் நடந்த காலம் அது. பூந்தமல்லியில் ஒரு கூட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மேடையில் பேசியவர் மாநில ஆளுங்கட்சிக்காரர், நல்ல பேச்சாளர். அதிகாரத்தை எல்லாம் உச்சியில் குவித்து வைத்துக்கொண்டால் கீழே இருக்கிறவன் கையேந்தித்தானே நிற்க வேண்டும் என்று கேட்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கூட்டம் முடிந்ததும் அம்மா மேடையின் பக்கவாட்டில் போய் நின்றார்.

"நல்லா பேசினீங்க நைனா. ஒவ்வொரு வார்த்தையும் மெய்யாலுமே சரி."

பேச்சாளர் கைகூப்பினார்.

"எங்க ஏரி மீன் ஏலத்த கோட்டை எடுத்துகினு கீது. டெல்லிகிட்ட கோட்டை கேக்கறதத்தான் கோட்டைகிட்ட நான் கேக்கறேன். எப்ப தர்றீங்க?"

அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரு சோடா வாங்கி வரச் சொன்னார். பிறகு, "எழுதிக் குடுங்கம்மா, பாக்கலாம்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் கேட்டேன்: "நீங்க டெல்லி பக்கமா, கோட்டை பக்கமா?"

"வரப்பு பக்கம்" என்றார் அம்மா. பிறகு ஆவடி வரும்வரை தூங்கிவிட்டார்.

எழுபதில் எங்கள் வளாகம் முள்கம்பியை எடுத்துவிட்டுச் செங்கல் சுவர் கட்டியது. ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து, ஒரு வாய்க்காலில் ஓடி, எங்கள் வளாகத்தைக் கடந்து அடுத்த ஏரிக்குப் போகும். அந்த வாய்க்காலுக்குக் குறுக்கேயும் சுவர் எழுந்தது. தண்ணீர் போக அடியில் குழாய் வைத்தார்கள். இரண்டே குழாய். நான் எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். வெள்ளம் வந்தால் அது போதாது. சுவருக்கு இந்தப் பக்கம், வாய்க்காலை ஒட்டிய பள்ளத்தில்தான் காலனி இருந்தது. நாற்பத்திரண்டு கூரை வீடுகள். ஒரு தலைமுறைக்கு முன் வயலில் கூலி வேலை செய்தவர்கள். இப்போது பாதிப் பேர் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசி வீடு ஏகாம்பரத்துடையது. ஷிப்டு வேலைக்காரர். அந்த வருஷம்தான் புதுக் கூரை வேய்ந்திருந்தார்.

அம்மா முதலில் பொதுப்பணித் துறை ஓவர்சியரிடம் போனார். "தண்ணி எங்களுது, சரி. ஆனா செவுரு நிக்கிற நெலம் மத்திய சர்க்காருது. நாங்க கை வைக்க முடியாது" என்றார் அவர். பிறகு அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். "நிலம் எங்களுடையது. ஆனால் ஏரித் தண்ணீர் மாநில அரசின் விஷயம். அதற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்றார்கள். அரசியல் சட்டத்தில் மத்திய அரசுக்கு ஒரு பட்டியல், மாநில அரசுக்கு ஒரு பட்டியல் என்று அதிகாரத்தைப் பிரித்து வைத்திருப்பதை நான் கல்லூரியில் படித்திருக்கிறேன். இருவர் சொன்னதும் சரிதான். அதுதான் கஷ்டம். இரண்டு சரிக்கும் நடுவே காலனி முழுகப் போகிறது.

ஏகாம்பரமும் இன்னும் சிலரும் கடப்பாரையோடு வந்தார்கள்.

"தலைவரம்மா, நீங்க ஒண்ணும் கண்டுக்காதீங்க. நாலே இடி. பூடும்."

"செவுரு யாருது ஏகாம்பரம்?"

"அவனுதுதான். ஊடு என்னுதும்மா. தண்ணி வந்தா மொத மொதல்ல என் ஊடுதான் போவும்."

"அவன் செவுர நீ ஒடச்சா, அப்பால அவன் உன் ஊட்ட ஒடைக்கறப்ப நான் எந்த மூஞ்சிய வச்சிகினு கேப்பேன்? செவுர அவனே எடுக்கணும். நீ கடப்பாரைய வையி."

ஏகாம்பரம் வைத்தார். ஆனால், "மழை ஒங்க பேச்ச கேக்குமாம்மா?" என்று கேட்டார். அன்று அம்மா ரேடியோவைத் திருப்பவில்லை.

புரட்டாசி பிறந்தது. மழைக்கு முன் ஏரி வாய்க்காலை ஊரே கூடித் தூர் வாருவது அங்கே பழைய வழக்கம். குடிமராமத்து என்பார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும். வாய்க்கால் யார் நிலத்தை ஒட்டிப் போகிறதோ அந்தப் பகுதி அவருடைய பங்கு. கலங்கலை ஒட்டிய முதல் பகுதி கோட்டையின் பங்கு. பொதுப்பணித் துறையின் லஸ்கர், அதாவது ஏரிக் காவலாள், வந்து வெட்டிக் கொடுப்பார். அதை அம்மா பல வருஷத்துக்கு முன்பே சண்டை போட்டு வாங்கியிருந்தார். தண்டோராக்காரர் தெருத்தெருவாகப் போவார்: "வர்ற ஞாயித்துக்கெழம குடிமராமத்து. ஊட்டுக்கு ஒரு ஆளு, மம்பட்டி கூடையோட வர்றது."

அந்த வருஷம் தண்டோரா தெருக்களை முடித்துவிட்டு நேராக எங்கள் வளாக வாசலுக்கு வந்தது. டம் டம் என்று சத்தம். நான் ஜன்னலைத் திறந்தேன். தண்டோராக்காரருக்குப் பின்னால் குடையோடு அம்மா.

எங்கள் அதிகாரி வடக்கத்தி மேஜர். நெட்டையான மனிதர், குறைவாகப் பேசுவார். வாசலுக்கு வந்தார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்.

"அந்த அம்மாள் யாரைக் கூப்பிடுகிறார்?"

"இந்திய அரசாங்கத்தை, சார்."

மேஜர் தண்டோராவைப் பார்த்தார். "எதற்கு?"

அம்மா குடை நுனியால் வாசலுக்கு உள்ளே இருந்த மண்ணைக் காட்டினார். நுனி வாசல் எல்லையைத் தாண்டவில்லை. "எம்மாம் பெரிய கெவர்மெண்டா இருந்தா இன்னா? ஏரிக்குக் கீழ நெலம் வச்சிகினு கீற எல்லாரும் குடிதான். எங்க பெரியப்பா இந்த நெலத்துக்கு ஆளு அனுப்பிச்சிகினு இருந்தாரு. நெலம் கைமாறுனா கடமையும் கைமாறும். ஒங்க பங்குல வாய்க்கால் நாலு கெஜம் அகலம். முழு அகலத்துக்கும் தூர் வாரிக் குடுக்கணும். ரெண்டு கொழாய் அகலத்துக்கு வாரினா கணக்குல சேராது."

நான் பயத்தில் இதைக் கொஞ்சம் பதமாக்கினேன். அரசாங்கம் தயவு செய்து உதவினால் நன்றாக இருக்கும் என்பதுபோல ஆங்கிலத்தில் சொன்னேன். மேஜரின் முகம் இளகுவதை அம்மா பார்த்துவிட்டார்.

"இன்னா டெல்லி, கெஞ்சறாப்போல சொன்னியா? நான் கெஞ்சல. கூப்புடறேன். சரியா சொல்லு."

சரியாகச் சொன்னேன். மேஜர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சுவர் பக்கம் நடந்து போய்ப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"சுவரை இடிக்க எனக்கு அதிகாரமில்லை. பழுது பார்க்க அதிகாரம் உண்டு. வாய்க்கால் அகலத்துக்கு எடுத்துவிட்டு இரும்புக் கம்பி வைக்கச் சொல்கிறேன். தூர் வார முப்பது ஜவான்களை அனுப்புகிறேன். ஒரே நாளில் வாய்க்கால் முழுவதையும் முடித்துவிடுவார்கள்."

நான் சந்தோஷமாக மொழிபெயர்த்தேன். முப்பது பேர். காலனி பிழைத்தது என்று நினைத்தேன். அம்மா தலையை ஆட்டினார்.

"செவுர எடுக்கறேன்னாரு, மவராசனா இருக்கட்டும். ஆனா முப்பது பேரு வாணாம்."

"ஏம்மா?" என்றேன்.

"ஊட்டுக்கு ஒரு ஆளு. டெல்லி ஒரு ஊடு. ஒரே ஆளு போதும். முப்பது பேரு வந்து மொத்த வாய்க்காலும் வெட்டிக் குடுத்தா, அடுத்த வருசம் வாய்க்கால் யாருது?"

இதை நான் மொழிபெயர்த்து முடித்ததும் மேஜர் அந்த அம்மாவைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பெரிய அதிகாரிகள் ஆய்வுக்கு வரும்போதுகூட அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு, "ஒரு ஆள் வருவான்" என்றார்.

அந்த ஒரு ஆள் நான்தான். உள்ளூர் மொழி தெரிந்தவன் என்று என்னை அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சுவரில் அகலமான திறப்பு இருந்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடன் வாங்கிய மண்வெட்டியோடு டெல்லியின் பங்கில் நின்றேன். அதற்கு முன் நான் மண்வெட்டி பிடித்ததில்லை.

"டெல்லி வந்துட்ச்சி டோய்" என்று யாரோ கத்தினார்கள். ஊரே சிரித்தது.

உள்ளங்கை கொப்பளித்தது. ஏகாம்பரம் தன் பங்கை முடித்துவிட்டு இரக்கப்பட்டு வந்தார். "குடு அண்ணாத்தே, நான் ரெண்டு வெட்டு வெட்றேன்."

கரையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அவரு பங்க தொடாத ஏகாம்பரம். தண்ணி வாணா குடு."

தண்ணீர் மட்டும் கொடுத்தார். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் நான் வெட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கரையில் உட்கார்ந்திருந்தார், நான் முடிக்கும்வரை.

ஐப்பசியில் ஏரி நிறைந்தது. ஒரு நாள் காலையிலிருந்து கலங்கல் வழிந்தது. வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. ஊரே காலனிப் பக்கம் நின்றது. தண்ணீர் ஏகாம்பரத்தின் வாசல்படி வரை ஏறியது. அவர் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம்வரை தண்ணீர் படியிலேயே நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது. சுவரின் கம்பிகளுக்கு நடுவே சருகும் நுரையுமாக டெல்லியின் நிலத்துக்குள் போயிற்று. அம்மா பொடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "மேலண்டைக்காரரு வார்த்தைய காப்பாத்திட்டாரு" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புரட்டாசியும் நானே டெல்லி. மேஜர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர்களும் அனுப்பினார்கள். போன வருஷம் செய்ததை இந்த வருஷமும் செய்வது எங்கள் அலுவலகத்தில் எளிது.

எழுபத்தாறின் தொடக்கத்தில் மாநில ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். நெருக்கடி நிலைக் காலம். கோட்டையையும் டெல்லியே நேராக ஆண்டது. அந்தச் செய்தியைக் கேட்ட காலையில் அம்மா ரேடியோவைப் பாதியில் நிறுத்திவிட்டார். சில மாதத்தில் ஊராட்சியும் போயிற்று. தனி அலுவலர் என்று ஒருவர் பொறுப்பேற்றார். அம்மா ஊராட்சி அலுவலகச் சாவியை எடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தின் படி ஏறவில்லை.

புரட்டாசி வந்தது. தண்டோராக்காரர் வீட்டு வாசலில் வந்து தலையைச் சொறிந்தார்.

"தண்டோரா போடச் சொல்ல நான் தலைவரு இல்லப்பா" என்றார் அம்மா.

தனி அலுவலரோ கூட்டம் கூடினால் வம்பு என்று பேசாமல் இருந்துவிட்டார். எனக்கும் உதறல்தான். சர்க்கார் உத்தியோகம், காலம் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது கதவு திறக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அம்மா குடையில்லாமல், தோளில் மண்வெட்டியோடு, ஒற்றையாய்த் தெருவில் போய்க்கொண்டிருந்தார். யாரையும் கூப்பிடவில்லை. தன் வீட்டுக்கு ஒரு ஆளாகப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறந்தது. நானும் போனேன்.

எண்ணினேன். எல்லா வீட்டு ஆளும் வந்திருந்தார்கள். கலங்கலை ஒட்டிய கோட்டையின் பங்கு மட்டும் காலியாக இருந்தது. லஸ்கர் வரவில்லை. மேலே யாரைக் கேட்பது என்று தெரியாததால் ஓவர்சியர் அவரை அனுப்பவில்லையாம்.

உச்சி வெயிலில் அம்மா தன் பங்கை முடித்தார். பிறகு நடந்து போய்க் கோட்டையின் பங்கில் இறங்கினார். மண்வெட்டியை ஓங்கினார்.

நான் பதறிப் போய் ஓடினேன். "நீங்க ஏறுங்கம்மா. இப்ப கோட்டையும் டெல்லியும் ஒண்ணுதானே. இதையும் நானே வெட்டிடறேன்."

அவர் நிமிர்ந்தார். அந்த அம்மா என்னிடம் கோபப்பட்டது அந்த ஒரு முறைதான்.

"தொடாத. டெல்லி மம்பட்டி ஒரு வருசம் இங்க வுய்ந்தா, அடுத்த வருசம் இது டெல்லி பங்கு ஆயிடும். உன் பங்குக்குப் போ."

நின்ற இடத்திலேயே நின்றேன். ஏகாம்பரம் கரையிலிருந்து கேட்டார்: "அப்ப நீங்க யார் ஊட்டு ஆளும்மா இப்போ?"

"கோட்டை ஊட்டு ஆளு."

"மீன் ஏலம் தராத கோட்டைக்கா?"

"மீன் சண்டை வேற. கோட்டை இருந்தாத்தானேப்பா அத்தோட சண்டை போட முடியும்? அது ஊட்ல இல்லாதப்ப பங்கு தூர்ந்து பூட்டா, திரும்பி வந்து எங்க நிக்கும்?"

ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ வயது அவருக்கு. பெரிய பங்கு அது. யாரையும் உதவிக்கு விடவில்லை. ஊரே தங்கள் பங்கை முடித்துவிட்டுக் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. மண்வெட்டி மண்ணில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. எண்ணத் தொடங்கினேன். பாதியில் விட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் எண்ணிக்கையை நான் பாதியில் விட்டது அன்றைக்கு மட்டும்தான்.

மறுவருஷம் தேர்தல் வந்து, கோட்டையில் மறுபடி ஆட்சி அமைந்தது. மழைக்கு முன் ஏரியைப் பார்க்கப் புது ஓவர்சியர் லஸ்கரோடு சைக்கிளில் வந்தார். இளைஞர். அம்மாவை யாரென்று அவருக்குத் தெரியாது. அம்மா வாய்க்காலில் இறங்கி, குடை நுனியால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கோடு இழுத்துக்கொண்டு நடந்தார்.

"தோ, இங்கேர்ந்து இந்தக் கல்லு வரைக்கும் உங்க பங்கு. நீங்க இல்லாதப்ப தூர் வாரி வச்சேன். பாத்து எடுத்துக்குங்க."

ஓவர்சியர் ஒன்றும் புரியாமல் லஸ்கரைப் பார்த்தார். லஸ்கர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "சரிம்மா" என்றார்.

அந்தச் சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், அம்மா வாய்க்காலிலிருந்து கரைக்கு ஏறிவிட்டார். குடை நுனிகூட உள்ளே இல்லை.